போலீஸ் எங்க நிக்கும்னு தெரிஞ்சா என்ன ஆகும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு ஏ/பி டெஸ்ட் பத்தி. ஆப்ல பட்டன் கலரை மாத்திப் பார்க்கிற டெஸ்ட் இல்ல. ராத்திரி ரோட்ல எத்தனை பேர் சாகிறாங்க என்பதை மாத்தின டெஸ்ட்.

இடம், ராஜஸ்தான். குடிச்சுட்டு வண்டி ஓட்டுறவங்களைப் பிடிக்க போலீஸ் செக்கிங் போடணும். ஆனா எல்லா ரோட்டுலயும் நிக்க ஆள் கிடையாது. அப்போ மோசமான ஒரே ஸ்பாட்ல அழுத்தமா நிக்கிறதா, இல்ல இடம் மாத்தி மாத்தி நிக்கிறதா?

நம்மில் நிறைய பேர் முதல் பதிலைத்தான் சொல்வோம். கோட்ல எந்த ஃபங்ஷன் மெதுவா ஓடுதோ, அதைத்தானே முதல்ல சரி பண்றோம்?

இதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, டேனியல் கெனிஸ்டன் என்கிற பொருளாதார நிபுணர்களும், ராஜஸ்தான் ஐபிஎஸ் அதிகாரி நினா சிங்கும் சேர்ந்து சோதிச்சுப் பார்த்தாங்க. போலீஸ் ஸ்டேஷன்களைக் குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. சில ஸ்டேஷன்ல, இருக்கிறதிலேயே சரியான ஒரே இடத்துல மட்டும் செக்கிங். சில ஸ்டேஷன்ல 3 இடங்களுக்கு நடுவுல சுழற்சி. மத்த ஸ்டேஷன்கள் வழக்கம்போல.

ரிசல்ட்? சுழற்சி முறையில ராத்திரி விபத்துகள் 17% குறைஞ்சது. ராத்திரி உயிரிழப்பு 25% குறைஞ்சது. ஒரே இடத்துல நின்ன முறையில, சொல்லிக்கிற அளவுக்கு எந்த மாற்றமும் இல்ல.

ஏன் இப்படி?

மெதுவா ஓடுற ஃபங்ஷன் நம்மைப் பார்த்துட்டு சந்துல திரும்பிப் போகாது. டிரைவர் போவார்! இதைத்தான் ஆய்வாளர்கள் 'மல்டி ஆர்ம்ட் பேண்டிட்' மாடலா எழுதினாங்க. எந்த விளம்பரத்தைக் காட்டினா அதிகம் கிளிக் விழும்னு கண்டுபிடிக்க நாம யூஸ் பண்ற அதே கணக்கு. வரிசையா சூதாட்ட மெஷின்கள் இருக்கு; எது லாபம்னு இழுத்து இழுத்துத்தான் கத்துக்க முடியும். இங்க ஒவ்வொரு ரோடும் ஒரு மெஷின், இழுக்கிறவர் குடிச்ச டிரைவர். போலீஸ் ஒரே இடத்துல நின்னா, அவர் சீக்கிரமே கத்துக்கிட்டு அடுத்த ரோட்டுக்கு மாறிடுவார். ஆபத்து குறையல, இடம்தான் மாறுது. சுழற்சியில எந்த ரோடும் சேஃப் இல்ல. அப்போ மிச்சம் இருக்கிற ஒரே வழி, குடிச்சுட்டு ஓட்டாம இருக்கிறது.

இப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி, "மச்சி, சிக்னல்ல செக்கிங், உள்ரோடு எடு"ன்னு மெசேஜ் வரும். உதவி மாதிரிதான் தெரியும். ஆனா ஒரு டிரைவர் பல நாள் சுத்திக் கத்துக்க வேண்டியதை, அந்த மெசேஜ் அஞ்சு செகண்ட்ல 50 பேருக்குச் சொல்லிக் கொடுத்துடுது. போலீஸ் தினமும் இடம் மாத்தினாலும், அன்னைக்கு ராத்திரி அது நிலையான செக்கிங் ஆகிடும்.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு பாயும். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்.

அடுத்த தடவை குரூப்ல ஷேர் பண்ணணும்னு தோணினா, செக்கிங் லொக்கேஷனுக்குப் பதிலா ஒரு கேப் புக் பண்ணி அந்த லிங்க்கை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.