50 காசுப் பாடம்!

திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிறது, அரியமங்கலம்.

அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னதும் திருச்சிக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும்.

ஒன்று, சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம். 1952-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. "எஸ்.ஐ.டி." என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும்.

மற்றொன்று, குப்பைக் கிடங்கு!

40 ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்கு அது. பல ஆண்டுகளாக ஊர்க் குப்பை எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. குப்பை மேடு ஆயிற்று. மேடு மலை ஆயிற்று. கோடைக்காலத்தில் அந்த மலையில் தீப்பிடிக்கும். புகை வீடுகளுக்குள் புகும். குழந்தைகள் இருமும். பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்கும் வேலையை மாநகராட்சி பிறகு மேற்கொண்டது. "பயோ மைனிங்" என்று அதற்குப் பெயர்.

ஒரே பகுதியில் படிப்பும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும் ஒரு பாடம் இப்போது கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சொல்லித் தரப்படுகிறது.

அதன் பெயர், "சமூகத் தொழில்முனைவு".

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். விஷயம் எளிது. ஊருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரு தொழில் தொடங்க வேண்டும். அந்தத் தொழில், யாரிடமும் கையேந்தாமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சம் வரும் பணம் மறுபடியும் அந்த வேலைக்கே போக வேண்டும். அவ்வளவுதான்!

மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம், 2007-ம் ஆண்டில் இதற்கென்றே ஒரு எம்.ஏ. படிப்பைத் தொடங்கியது. பிறகு பல இடங்களில் இது பாடம் ஆகிவிட்டது.

ஆனால் இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயத்தைப் படிக்க மும்பைக்குப் போக வேண்டியது இல்லை. திருச்சியிலேயே இருக்கிறது. எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்ல. குடிசைப் பகுதிப் பெண்கள்!

பூட்டிய கழிப்பிடம்

ஏழைகள் வாழும் பகுதியில் அரசாங்கம் பொதுக் கழிப்பிடம் கட்டும். திறப்பு விழா நடக்கும். மாலை, மரியாதை எல்லாம் உண்டு.

ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால்?

குழாயில் தண்ணீர் வராது. கதவு இருக்காது. விளக்கு எரியாது. உள்ளே கால் வைக்க முடியாது. கடைசியில் யாரோ ஒருவர் பூட்டுப் போட்டுவிடுவார். பெண்கள் பழையபடி இருட்டும் வரை காத்திருந்து வெட்டவெளிக்குப் போவார்கள். பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்த பெண்கள் எத்தனையோ பேர்! அந்த வேதனையை வெளியே சொல்லவும் கூச்சம்.

கட்டுவதற்குப் பணம் இருந்தது. காப்பதற்குப் பணம் இல்லை. நோய் அதுதான்.

1987-ல் தொடங்கப்பட்ட "கிராமாலயா" என்ற திருச்சித் தொண்டு நிறுவனமும், அதோடு சேர்ந்து உழைத்த மற்ற நிறுவனங்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கழிப்பிடத்தை அந்தப் பகுதிப் பெண்களின் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். மாநகராட்சியும் சம்மதித்தது. 2000-ம் ஆண்டை ஒட்டி இந்த ஏற்பாடு ஒவ்வொரு பகுதியாகப் பரவியது.

பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

வாசலில் ஒரு மேஜை போட்டார்கள். முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஒரு தடவைக்கு 50 காசு வாங்கினார்கள். குழந்தைகளுக்கு இலவசம். வந்த காசை எண்ணி நோட்டில் எழுதினார்கள்.

50 காசில் என்ன ஆகும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 400 பேர் வந்தால் 200 ரூபாய். மாதத்துக்கு 6 ஆயிரம் ரூபாய்! துப்புரவு செய்பவருக்குச் சம்பளம், கரண்ட் பில், பினாயில், விளக்குமாறு, உடைந்த தாழ்ப்பாள் எல்லாம் அதற்குள் அடங்கின. மிச்சம் இருந்தால் அந்தப் பகுதியின் நன்மைக்குச் செலவாயிற்று.

கல்மந்தை என்ற பகுதி, திறந்தவெளியை யாரும் பயன்படுத்தாத குடிசைப் பகுதியாக 2002-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசலில் உட்கார்ந்த பெண்ணும் அதே கழிப்பிடத்தைத்தான் பயன்படுத்தினார். அவர் மகளும் அங்கேதான் வந்தாள். அழுக்காக இருந்தால் முதலில் கோபப்படுகிறவர் அவர்தான். சம்பளம் வாங்கும் எந்த மேற்பார்வையாளருக்கும் இந்த அக்கறை வராது!

கிராமாலயாவை நிறுவிய எஸ். தாமோதரனுக்கு 2022-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

போனால் காசு!

கழிப்பிடத்துக்குக் காசு கொடுப்பது பழைய கதை. கழிப்பிடத்துக்குப் போகிறவருக்குக் காசு கொடுத்தால்?

திருச்சி மாவட்டம் முசிறியில் அதுவும் நடந்தது!

"ஸ்கோப்" என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு புதுமாதிரிக் கழிப்பிடத்தை அமைத்தது. மலமும் சிறுநீரும் தனித்தனியாகச் சேரும்படி கட்டப்பட்டது அது. மலம் மக்கி எரு ஆகும். சிறுநீரில் தழைச்சத்து உண்டு. அதை வாழைக்கு உரமாகக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது.

சரக்கு கொடுப்பவருக்கு விலை கொடுக்க வேண்டாமா? 2008-ல், ஒரு தடவை வந்தால் 10 காசு என்று கணக்கு வைத்துக் கொடுத்தார்கள்!

ஊர் சிரித்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. ஆனால் சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கழிவு என்று தள்ளிய பொருளுக்கு அங்கே விலை வந்துவிட்டது. 10 காசு சிறிய தொகைதான். நோட்டில் அது வரவுப் பக்கம் ஏறியதே, அதுதான் பெரிய விஷயம்.

ஸ்கோப் நிறுவனர் மராச்சி சுப்புராமன், 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மதுரைக் கணக்கு

"எல்லோரிடமும் காசு வாங்கினால் ஒன்றும் இல்லாதவன் எங்கே போவான்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மதுரையில் இருக்கிறது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். 58 வயது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்தவர் அவர். 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். முடியாதவர்களுக்கு இலவசம். கொடுத்தவர் பணத்தில் கொடுக்காதவருக்கும் பார்வை வந்தது! "நீ ஏழைதானா? சர்டிபிகேட் கொண்டு வா" என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்தார்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டில் இருந்து வந்தது. விலை அதிகம். ஏழைக்கு எட்டாது. அதனால் 1992-ல் "அரோலேப்" என்ற தொழிற்சாலையைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். 100 டாலர் அளவுக்கு விற்ற பொருளின் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1993-ல் இந்த ஆஸ்பத்திரியின் கதையைப் பாடமாக எழுதி, தன் வியாபாரக் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பெரிய கம்பெனிகளை நடத்தப் போகும் பிள்ளைகள் மதுரை ஆஸ்பத்திரியின் கணக்கைப் படித்தார்கள்!

வகுப்பை விட்டு வெளியே

வாத்தியார் ஒருவரே வகுப்பை விட்டு வெளியே போன கதையும் உண்டு.

வங்காளதேசத்தில் 1974-ல் பெரும் பஞ்சம். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவர், முகமது யூனுஸ். "ஜனங்கள் தெருவில் பட்டினியால் சாகும்போது நான் கரும்பலகையில் எதை எழுதுகிறேன்?" என்ற கேள்வி அவரை அரித்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஜோப்ரா என்ற கிராமம். மாணவர்களோடு அங்கே போனார்.

மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண்ணைப் பார்த்தார். மூங்கில் வாங்கக் காசு இல்லை. அதனால் வியாபாரியிடம் கடன். கடன் கொடுத்தவருக்கே, அவர் சொன்ன விலைக்கே முக்காலியை விற்க வேண்டும். நாள் முழுவதும் உழைத்தால் கையில் மிஞ்சுவது சில காசுகள்!

இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு மாணவி ஊர் முழுவதும் அலைந்து பட்டியல் எடுத்தார். 42 பேர். எல்லோருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட பணம் 856 டாக்கா. ஏறக்குறைய 27 டாலர்!

1976-ல் அந்தப் பணத்தை யூனுஸ் தன் கையில் இருந்து கடனாகக் கொடுத்தார். கடன் திரும்பி வந்தது. 1983-ல் அது "கிராமீன் வங்கி" ஆயிற்று. 2006-ல் நோபல் பரிசு.

எல்லோரும் பேராசிரியரைப் பாராட்டுகிறார்கள். பட்டியல் எடுத்த மாணவியையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். அந்த 42 பெயர்கள் இல்லாமல் வங்கி இல்லை.

லாபம் தலைக்கேறினால்...

இந்தப் பாடத்தில் பயப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது. அதைச் சில வகுப்புகளில் சீக்கிரம் புரட்டிவிடுகிறார்கள். புரட்டக்கூடாது.

கிராமீன் வங்கியைப் பார்த்து இந்தியாவிலும் சிறு கடன் கம்பெனிகள் பல தோன்றின. ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கத்தான் தொடங்கின. வளர்ச்சி, வளர்ச்சி என்று ஓடின. ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு கம்பெனிகள் கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்! வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். ஆந்திராவில் கடன் வாங்கியவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டு வந்து கடிவாளம் போட்டது.

தொடங்கும்போது நல்ல எண்ணம்தான். ஆனால் மிச்சப் பணம் யாருக்குப் போகும் என்று முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், சேவை என்ற பெயர் மட்டும் மிஞ்சும். கல்மந்தைப் பெண்களின் நோட்டில் அந்த வரி இருந்தது.

200 வீட்டுக் கணக்கு

1969-ல், காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களுடன் தொடங்கியது. அன்று முதல் மாணவ-மாணவிகள் விளக்குமாறு எடுத்துத் தெருக் கூட்டுகிறார்கள். நல்ல காரியம். ஞாயிற்றுக்கிழமை தெரு பளிச்சென்று இருக்கும். வியாழக்கிழமை?

அந்த வியாழக்கிழமைக்கு வழி கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிப்பு.

அரியமங்கலத்துக்குக் குப்பை போகாமல் தெருவிலேயே உரம் ஆக்க நாலு மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டது 200 வீடுகள். கணக்கு எப்படி ஓடும்?

வீட்டுக்கு அரைக் கிலோ காய்கறிக் கழிவு, சோறு, வாழை இலை என்று வைத்தால் நாளைக்கு 100 கிலோ. மக்கினால் எடை வெகுவாகக் குறையும். 20 கிலோ உரம் கிடைத்தால் மாதத்துக்கு 600 கிலோ. கிலோ 5 ரூபாய்க்கு விற்றால் 3 ஆயிரம் ரூபாய். பழைய பேப்பர், பாட்டில், அட்டை விற்று 2 ஆயிரம். ஆக வரவு 5 ஆயிரம்.

செலவு? வண்டி தள்ளி, குப்பை வாங்கி, கிளறிவிட இரண்டு பேர். ஆளுக்கு 9 ஆயிரம் கொடுத்தாலும் 18 ஆயிரம். கையுறை, கோணி, வண்டி ரிப்பேர் 2 ஆயிரம். ஆக 20 ஆயிரம்.

துண்டு விழுவது 15 ஆயிரம்!

"குப்பையில் கோடி சம்பாதிக்கலாம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரியைச் சொல்வது இல்லை. உரத்தை மட்டும் நம்பினால் முதல் மாதமே வண்டி நின்றுவிடும். சில புத்திசாலிகள் உடனே சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். குப்பையில் கை வைக்கிறவரின் வயிற்றில் அடித்து நடத்தும் தொழிலுக்குச் சமூகம் என்ற சொல் எதற்கு?

அந்த 15 ஆயிரத்தை 200 வீடுகளுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு மாதம் 75 ரூபாய். நாளைக்கு இரண்டரை ரூபாய். ஒரு டீ விலைகூட இல்லை. கேட்டால் கொடுப்பார்களா?

அதை வகுப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. 200 கதவுகளைத் தட்ட வேண்டும்.

"75 ரூபாய்தானே, கொடுக்கலாம் தம்பி. ஆனால் உங்களுக்குப் பரீட்சை வந்துவிட்டால் குப்பை எடுக்க யார் வருவார்கள்?" என்று ஒரு வீட்டு அம்மாள் கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். மாணவர்கள் மூன்று ஆண்டுகளில் போய்விடுவார்கள். வண்டியும் நோட்டும் அந்தத் தெருப் பெண்கள் கைக்குப் போயிருந்தால்தான் நாலாவது ஆண்டும் மணி அடிக்கும்.

200 வீடுகளில் 120 வீடுகள் மட்டும் சம்மதித்தால் 9 ஆயிரம் வரும். இன்னும் 6 ஆயிரம் குறையும். குப்பையை லாரியில் ஏற்றி அரியமங்கலத்துக்கு ஓட்டும் செலவு மாநகராட்சிக்கு அந்த அளவுக்கு மிச்சம் ஆகிறதே, அதில் ஒரு பங்கைக் கேட்கலாம். தெருமுனை ஓட்டல்காரரிடம் கூடுதலாக வாங்கலாம். அவர் கடையில் குப்பை அதிகம். கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாட்களில் தனிக் கட்டணம்.

அந்த 6 ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைத்த பிறகு வண்டி வாங்கப் போகலாம்.