வெயிலுக்கு வலை, விழுந்தால் கவசம்

ஏப்ரல் மதியம் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஹோப் ஃபார்ம் சிக்னலில் நிற்கும் பைக்குகளைப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கும். கழுத்துக்குக் கீழே டி-ஷர்ட்டும் செருப்பும்தான். டெலிவரி தம்பிகள் கைக்கு நைலான் உறை மாட்டியிருப்பார்கள். அது தோல் கறுக்காமல் காக்கும். தார்ச்சாலையில் உரசினால் ஒரு நொடி தாங்காது.

“அக்கா, இந்த வெயில்ல ஜாக்கெட்டா?” என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2016 ஏப்ரலில் பெங்களூரே 39.2 டிகிரியைத் தொட்டது. குளிருக்கு வாங்கிய ஜாக்கெட்டை இங்கே மே மாதம் யாராலும் போட முடியாது. வெயிலுக்கென்றே பார்த்து வாங்க வேண்டும்.

வலைத்துணியில் தைத்த மெஷ் ஜாக்கெட்தான் நமக்கு ஏற்றது. ஆனால் முழுக்க வலையாக இருப்பதை வாங்காதீர்கள். மார்பிலும் கையின் உட்புறத்திலும் வலை இருக்கட்டும். விழும்போது முதலில் தரையில் படுகிற தோள், முழங்கை, முன்கையின் வெளிப்புறம் ஆகியவற்றில் கார்டுரா போன்ற கெட்டித்துணி வேண்டும்.

அடுத்து, உள்ளே இருக்கும் ஆர்மர், அதாவது அடியின் விசையைக் குறைக்கும் திண்டு. கடையிலேயே பையிலிருந்து அதை உருவி எடுத்து முத்திரையைப் படியுங்கள். கை, கால் மூட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1621-1. சோதனையில் அடிக்கும்போது லெவல் 1 ஆர்மர் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை விசையை உடம்புக்குக் கடத்தலாம். லெவல் 2 என்றால் 20தான். மெத்தென்ற ஆர்மர் வெப்பத்தில் இன்னும் இளகும். அதனால் முத்திரையில் ஆங்கில ‘T’ எழுத்தும் கூட்டல் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். நம் ஊருக்கு இது முக்கியம், கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. முதுகுக்குப் பல ஜாக்கெட்டுகளில் வெறும் நுரைப் பஞ்சுதான் வைத்திருப்பார்கள். இ.என். 1621-2 முத்திரை உள்ளதைத் தனியே வாங்கிப் போடுங்கள்.

பிறகு பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை ஆர்மரை இன்னொரு கையால் திருகினால் அது நகரக் கூடாது. ஆண்களுக்கான அளவில் வாங்கும் பெண்களுக்கு அது முன்கைக்கு இறங்கிவிடும். விழும் நேரத்தில் முழங்கை வெறுமையாக இருக்கும்.

என் சொந்த ஊர் வேலூர். ஊருக்குப் போகும்போது ஓல்ட் மெட்ராஸ் ரோட்டைப் பிடித்துக் கோலார், முல்பாகல், பலமனேர் வரை மெஷ் ஜாக்கெட் சுகமாகவே இருக்கும். மொகிலி கணவாய் இறங்கியதும் காற்றே மாறிவிடும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வேலூர் இருநூறு சொச்சம்தான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 40 டிகிரி காற்று அனல்தான் தரும். வியர்வை சுரந்ததும் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. அங்கே ஜாக்கெட்டைக் கழற்றுவது தவறு. உள்ளே போடும் முழுக்கை பனியனைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுங்கள். கழுத்தில் ஓர் ஈரத்துண்டு. ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறுத்தம், அங்கே உப்புப் போட்ட மோர்.

தோல் ஜாக்கெட்? ஆம்பூரும் ராணிப்பேட்டையும் எங்கள் பக்கத்து ஊர்கள், தோலின் உறுதி எங்களுக்குத் தெரியும். உரசலைத் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. ஆனாலும் சமவெளியின் மே மாதத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஜாக்கெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் 2008-09இல் விபத்துக்குள்ளான 212 பைக் ஓட்டிகளை ஆராய்ந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, ரைடிங் ஜாக்கெட் அணிந்தவர்களுக்கு 21 சதவீதம் குறைந்திருந்தது. ரைடிங் பேன்ட்டுக்கு 51, கையுறைக்கு 59. விழும்போது யாருமே முதலில் கையைத்தான் ஊன்றுவோம். பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் கையுறை வாங்குங்கள்: விரல்களுக்கு மேல் வலை, உள்ளங்கையில் தோல், மணிக்கட்டில் இறுகும் பட்டை.

எதை அணிந்திருந்தாலும், தலை கிறுகிறுத்தாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ உடனே நிழலில் நிறுத்துங்கள். ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றி உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினால் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.