அல்வாலில் மீண்டும் இறங்கிய பூச்சிகள்

பழைய அல்வாலில் வெங்கடேசுவர சுவாமி கோயிலுக்குப் போகும் வழியில், தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்தாற்போல் குடியிருக்கும் சந்து ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே ஒரு வீட்டிலிருந்து "டும்... டும்... டும்... டும்" என்று நாலு தட்டாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதலில் மெதுவாக வந்தது. போகப் போக வேகம் பிடித்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் கதவருகே வந்து, தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

மோட்டார் அல்ல. வீட்டுக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். செகந்திராபாத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். டெலிவிஷன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலிருந்து அணிவகுத்து இறங்கும் விண்வெளிப் பூச்சிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள், அப்பா அடிக்கடி சொல்லும் அந்தப் பழைய ஆட்டத்தைத் தேடிப் பிடித்து, தன் கம்ப்யூட்டரை டெலிவிஷனோடு இணைத்துக் கொடுத்திருந்தாள். ஆட்டத்தின் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. அவரும் அவருடைய பள்ளித் தோழர்களும் வைத்திருந்த பெயர் 'பூச்சி கேம்'.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தொடுகிறார். முதல் ஆட்டம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. "கை மறந்துபோச்சு" என்றார். மூன்றாவது ஆட்டத்தில் கை நினைவுக்கு வந்தது. அதோடு வேறு சிலவும் வந்தன.

ஒற்றை ஆளின் கைவேலை

இன்றைய பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் சப்பென்று இருக்கும். கறுப்புத் திரை. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, ஆக 55 பூச்சிகள். கீழே ஒரு பீரங்கி. அது இடமும் வலமும் நகரும், மேலே சுடும், அவ்வளவுதான். மறைந்துகொள்ள நாலு மண்சுவர்கள். பூச்சிகள் சுட்டாலும் சுவர் கரையும், நாம் சுட்டாலும் கரையும். பூச்சிகள் பக்கவாட்டில் ஊர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி, மறுபக்கம் திரும்பும். தரையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் தீர்ந்தது.

இதைச் செய்தவர் ஜப்பானியரான டோமோஹிரோ நிஷிகாடோ. 1944-இல் பிறந்தவர், டாய்ட்டோ என்ற கம்பெனியில் என்ஜினீயர். ஆட்டத்தை யோசித்ததும், படங்களை வரைந்ததும், அதை ஓட்டும் மின்னணுச் சாதனத்தை அமைத்ததும் அவர் ஒருவரே. ஏறக்குறைய ஓராண்டு வேலை. இன்று இப்படி ஓர் ஆட்டத்தைச் செய்ய நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டியிருக்கிறது. முடிவில் பெயர்ப்பட்டியலே சினிமாவைவிட நீளமாக ஓடுகிறது.

எதிரியாக யாரைப் போடுவது என்பதில் நிஷிகாடோவுக்குச் சிக்கல் இருந்தது. டாங்கி, விமானம் எல்லாம் போட்டுப் பார்த்தார். அசைவு நன்றாக வரவில்லை. மனிதர்கள் நடப்பதுபோல் போட்டால் நன்றாக வந்தது. ஆனால் மனிதனைச் சுடுகிற விளையாட்டு வேண்டாம் என்று கம்பெனி மறுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் 1977-இல் அமெரிக்காவில் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பேச்சு அடிபட, விண்வெளிக்குத் தாவினார். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸின் 'உலகங்களின் போர்' கதையில் வரும் செவ்வாய்க் கிரகத்தார் எட்டுக்கால் கடல் பிராணி போலிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு அந்த உருவமும், மற்ற வரிசைகளுக்கு நண்டும் கணவாயும் வரைந்தார். கடற்கரை மீன் சந்தையே ஆகாயத்திலிருந்து இறங்குகிறது என்றாலும் தப்பில்லை.

1978-இல் யந்திரம் வெளிவந்தது. ஜப்பானில் காப்பிக் கடை மேஜைகளே இந்த யந்திரங்களாக மாறின. இதனால் அந்த நாட்டில் நூறு யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, அதற்கு ஆதாரம் கிடையாது. 1981-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நடந்தது மட்டும் நிஜம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் காசைத் தொலைக்கிறார்கள் என்று ஜார்ஜ் பவுல்க்ஸ் என்ற உறுப்பினர், இந்த விளையாட்டைக் கட்டுப்படுத்த ஒரு மசோதாவே கொண்டுவந்தார். ஆதரவாக 94 ஓட்டு, எதிராக 114. இருபது ஓட்டில் பூச்சிகள் பிழைத்தன.

வேகம் வந்த ரகசியம்

அந்த ஆட்டத்தை விட்டு எழுந்திருக்க முடியாதபடி செய்தது அதன் வேகம். பூச்சிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். கடைசி ஒற்றைப் பூச்சி, பஸ் ஸ்டாண்டில் ஜேப்படிக்காரன் ஓடுவதுபோல் ஓடும். கூடவே அந்த "டும் டும்" சத்தமும் விரையும். ஆடுபவன் நெஞ்சும் அதோடு சேர்ந்து அடித்துக்கொள்ளும்.

இது திட்டம் போட்டுச் செய்ததல்ல. உள்ளே இருந்தது இண்டெல் 8080 என்ற சிறிய மூளை. 55 பூச்சிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்குச் சக்தி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பூச்சியைத்தான் ஒரு எட்டு நகர்த்தும். 55-க்கும் முறை வந்தால்தான் படை முழுவதும் ஓர் அடி நகர்ந்ததாகும். பத்துப் பூச்சி மட்டும் இருந்தால் முறை சீக்கிரம் வந்துவிடும். பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேரிடம் விட்டால் அந்த இரண்டு பேர் ஓடவேண்டியிருப்பது ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. நிஷிகாடோ அதைக் குறை என்று திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். பிறகு வந்த ஆட்டங்கள் எத்தனையோ அந்த வழியைப் பின்பற்றின.

பிறகு வந்தவையும் கொஞ்சமல்ல. 1979-இல் 'கேலக்சியன்', அதே ஆண்டில் விண்கற்களை உடைக்கும் 'ஆஸ்டராய்ட்ஸ்', 1981-இல் 'கேலகா'. 'கேலக்சியன்' வண்ணத்தில் வந்தது. முதல் 'பூச்சி கேம்' யந்திரத்தில் இருந்ததோ கறுப்பு வெள்ளைத் திரைதான். அதன் மேல் கலர் காகிதத்தை ஒட்டி வண்ணம் காட்டினார்கள். நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 2013-இல் இந்த ஆட்டத்தைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

1984, ஏப்ரல்

அல்வால்காரரின் கதைக்கு வருவோம். அவருடைய தந்தை வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்து பிட்டராக உயர்ந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். மகன் செகந்திராபாத்தில் ஒரு பள்ளியில் படித்தான். அல்வாலிலிருந்து தினமும் ரயில். மன்மாட் போகும் அந்தப் பாதை அப்போது மீட்டர் கேஜ்.

1984 ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா சோவியத் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போனார். அவர் ஹைதராபாத்தில் படித்து வளர்ந்தவர், செயிண்ட் ஜார்ஜ் பள்ளி மாணவர், நிஜாம் கல்லூரி மாணவர் என்பதால் ஊரே அவரைச் சொந்தம் கொண்டாடியது. வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் விண்வெளி வீரன் ஆகப்போவதாகச் சொன்னான். அந்த மாதம்தான், ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில் இந்தப் பதினான்கு வயதுப் பையன் 'பூச்சி கேம்' யந்திரத்தைப் பார்த்தான். ஒரு ஆட்டம் ஒரு ரூபாய். ரயில்வே தொழிலாளி வீட்டில் அன்று ஒரு ரூபாய் என்பது பிள்ளையின் கையில் கொடுக்கிற காசல்ல.

மாதாமாதம் ஊரில் இருந்த பாட்டிக்கு 150 ரூபாய் மணியார்டர் போகும். பாரம் எழுதுவது மகனின் வேலை. சம்பளத்துக்கு மறுநாள் தகப்பனார் ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார்; பையன் தபாலாபீஸில் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவான். பணவிடை இன்று கம்ப்யூட்டர் வழியாகவே போகிறது. பழைய மணியார்டர் முறை 2015-இல் முடிவுக்கு வந்தது. வங்கிக் கணக்கும் செல்போனும் அதற்கு முன்பே அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அன்று அதுதான் வெளியூர்த் தமிழனுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் நடுவே இருந்த கயிறு.

அந்த மாதம் பையன் பாரத்தில் 140 என்று எழுதினான். பத்து ரூபாய்க்குப் பத்து ஆட்டம். ரசீதைக் கிழித்துப் போட்டான். கேட்டதற்கு, தொலைந்துபோச்சு என்றான்.

இரண்டு வாரத்தில் பாட்டியிடமிருந்து கார்டு வந்தது. ஊர் வாத்தியார் யாரோ எழுதிக் கொடுத்தது. வீட்டில் கடிதம் படித்துக் காட்டுவதும் பையன்தான். 'பத்து ரூபாய் குறைவாக வந்திருக்கிறதே, உனக்கு உடம்பு சரியில்லையா, வேலையில் ஏதாவது தகராறா, மறைக்காமல் எழுது' என்ற வரி நடுவில் இருந்தது. அந்த வரியைத் தாண்டி, மாடு கன்று போட்ட சேதிக்குப் போய்விட்டான்.

"அப்புறம் அந்தக் கடைப் பக்கமே நான் போகல" என்கிறார் அவர். யந்திரமும் கொஞ்ச நாளில் அங்கிருந்து போய்விட்டது. தொண்ணூறுகளில் வீட்டு டெலிவிஷனில் மாட்டுகிற டிவி கேம் பெட்டிகள் அல்வால் வரை வந்து, தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆடியபோதும் அவர் அதைத் தொடவில்லை.

இருபத்து மூன்றாவது குண்டு

மகள் இந்தக் கதை எதுவும் தெரியாதவள். அவள் படித்துவைத்திருந்த ஒரு நுணுக்கத்தை அப்பாவுக்குச் சொன்னாள். திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு குறுக்கே போகும். அதை அடித்தால் 50, 100, 150 என்று ஏதோ புள்ளி விழும். அதிர்ஷ்டம் இருந்தால் 300. அது அதிர்ஷ்டமே அல்ல. யந்திரம் நாம் சுடும் குண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. இருபத்து மூன்றாவது குண்டால் தட்டை அடித்தால் 300; அதற்குப் பிறகு ஒவ்வொரு பதினைந்தாவது குண்டுக்கும் 300. ஜப்பானில் பையன்கள் கண்டுபிடித்துவிட்ட கணக்கு இது. செகந்திராபாத்துக்கு வந்து சேரவில்லை.

"இது தெரிஞ்சிருந்தா ரெண்டு ரூபாயில முடிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. அவள் சிரித்தாள். எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

சுட்டுக்கொண்டே எண்ணுவது ஒரே ஆளால் ஆகிற காரியமாக இல்லை. கையைக் கவனித்தால் எண்ணிக்கை தவறுகிறது. அப்போது பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவர், எண்பதைத் தாண்டியவர், தான் எண்ணுவதாகச் சொன்னார். கண் மங்கல், காது மங்கவில்லை. குண்டுச் சத்தத்தை வைத்தே எண்ணினார். "இருவது... இருவத்தொண்ணு... நிறுத்துடா, தட்டு வரட்டும்." தட்டு வந்தது. இருபத்திரண்டாவதைச் சுவரில் விட்டார் மகன். அடுத்தது தட்டில் பட்டது. 300.

பேத்தி கைதட்டினாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தானாடா அந்தப் பத்து ரூபா?" என்றார்.

மகன் திரும்பினார். பீரங்கி நின்ற இடத்தில் நின்றது, பூச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நைனா, உனக்கெப்படி..."

"எழுத்துதாண்டா எனக்குத் தெரியாது. நம்பர் கூடவா தெரியாது? ஒர்க்ஷாப்புல வண்டி நம்பர் பாத்துப் பாத்து வேல செஞ்சவன். ஆயா கைநாட்டு வெச்ச சீட்டு தபால்ல திரும்பி வருமே, அத நீ மறந்துட்ட. உங்கம்மா கம்பியில குத்தி வெச்சிருந்தா. நூத்தி நாப்பதுன்னு போட்டிருந்துச்சு."

பணம் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பச் சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும் என்பது மணியார்டர் அனுப்பிய யாருக்கும் தெரியும். அந்தப் பையனும் அறிந்ததுதான். ரசீதைக் கிழித்த கையோடு அது நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாயார் கேட்டதாகவும், சம்பளத்தில் பிடித்தம் ஆகிவிட்டது என்று தான் சொல்லிவிட்டதாகவும் பெரியவர் சொன்னார். கிழவி அந்த ஒரு மாதம் பால் வாங்குவதை நிறுத்தியிருந்தாள். பத்து ரூபாயை அங்கேயே கையில் கொடுத்துவிட்டு வந்தாராம்.

"அப்பவே நாலு அறை விட்டிருக்கலாமில்ல?" என்று மகன் கேட்டார். குரல் சரியாக வரவில்லை.

"உட்டுட்டு? அப்புறம் ஆயா கடுதாசிய எவன் படிச்சுக் காட்டறது?" என்றார் பெரியவர். பிறகு திரையைக் கைகாட்டினார். ஒற்றைப் பூச்சி மட்டும் மிஞ்சி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையிலிருந்து காப்பிக்குக் கூப்பிட்டார்கள்.

"அத அடிச்சுட்டு வாடா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.