வீடு திரும்பிய பிறகும் தொடர வேண்டிய சிகிச்சை

பக்கவாதத்தால் முடங்கியவரும் விபத்தில் காலை இழந்தவரும் மறுவாழ்வு மையத்தில் இருக்கும்வரை நாள் தவறாமல் பயிற்சி செய்கிறார்கள். வீடு திரும்பியதும் அந்த நேர ஒழுங்கும் இல்லை, பக்கத்தில் நின்று தைரியம் சொல்லும் பிசியோதெரபிஸ்டும் இல்லை. உட்கார்ந்தே பொழுது கழிகிறது. அரும்பாடுபட்டு மீட்ட தசைவலு கரைகிறது. 'அவருக்கே அக்கறை இல்லை' என்று பழியை நோயாளி மேல் போட்டுவிடுகிறோம். இது சிகிச்சையின் குறை என்பதே என் வாதம். நெதர்லாந்தில் பத்து மறுவாழ்வு மையங்களில் சுமார் 1,200 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. விளையாட்டில் சேரும்படி ஆலோசனை பெற்றதோடு நின்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அதனுடன் அன்றாட நடமாட்டத்தைக் கூட்டுவது பற்றியும் தனிப்பட்ட ஆலோசனை பெற்றவர்களோ, ஓராண்டு கழித்தும் கூடுதலாக இயங்கினார்கள். கடைக்கு நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிச் செல்வது எல்லாமே இந்த நடமாட்டத்தில் அடங்கும். நல்ல அறிவுரை மட்டும் போதாது, அது அவரவர் வாழ்க்கைக்குள் பொருந்த வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். 2012 முதல் 2015 வரை அந்நாட்டின் 18 மறுவாழ்வு நிறுவனங்களில் இந்த ஆலோசனைத் திட்டத்தின் அடுத்த கட்டம் நடந்தது. சிகிச்சை முடியும் முன்பே ஆலோசகர் நோயாளியிடம் பேசி, அவருக்குப் பிடித்ததையும் இயன்றதையும் கேட்டறிவார். வீடு திரும்பிய பின் தொலைபேசியில் தொடர்வார். கட்டளையிடாமல், நோயாளியே தன் காரணங்களைச் சொல்லும்படி உரையாடுவதுதான் இதன் உயிர்.

பலவீனமான உடலை வருத்தலாமா என்ற அச்சம் நியாயமானது. ஐந்து நாடுகளில் 2,104 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் அது நோய் தாக்கிய முதல் நாட்களின் கதை. உடல் தேறி வீடு திரும்பும் கட்டத்துக்கு அதை நீட்டக் கூடாது. எந்த நேரத்தில், எந்த அளவில் என்பதைத் தேர்ச்சி பெற்றவர் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கே அது சான்று. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பரிந்துரைகளை முதன்முறையாகச் சேர்த்தது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம், முடியாதவர்கள் முடிந்த அளவில் தொடங்கலாம்.

ஊழியர்களுக்கு நேரம் எங்கே என்பது இன்னும் கடினமான கேள்வி. நெதர்லாந்திலும் எல்லா நிறுவனங்களிலும் திட்டம் ஒரே சீராக நடக்கவில்லை. அதனால்தான் இந்தத் தொடர் ஆலோசனையை ஆர்வமுள்ள ஒருவரின் கூடுதல் உழைப்பாக விட்டுவிடக் கூடாது. தொலைபேசியில் பேசும் நேரமும் பணி நேரமாகக் கணக்கில் ஏற வேண்டும். யார் அழைப்பார், எப்போது அழைப்பார் என்பதை மருந்துச் சீட்டோடு சேர்த்தே நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.