‘ஸ்டார்ட்’ மட்டும் தெரிஞ்சா போதுமா?



‘தொடங்கு’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால் ஆறாம் வகுப்புத் தம்பிகூட ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ என்று பட்டென்று சொல்லிவிடுவான். சரிதான். ஆனால் இங்கிலீஷ் பேப்பரைத் திறந்தாலும், பரீட்சைத் தாளில் ஒரு பத்தியைப் படித்தாலும் வேறு சில வார்த்தைகள்தான் வந்து நிற்கின்றன. ‘செட் ஆஃப்’, ‘செட் இன்’, ‘பிரேக் அவுட்’, ‘டேக் அப்’, ‘கெட் டவுன் டு’. இவை எல்லாமே தொடங்குவதைப் பற்றியவைதான். டிக்‌ஷனரியில் ‘செட்’ பார்த்தால் ‘வை’ என்று இருக்கும். ‘இன்’ என்றால் உள்ளே. அப்போ ‘ரெயின் செட் இன்’ என்றால் மழை எதையாவது உள்ளே வைத்ததா? இங்கேதான் நம்ம ஆளுங்க புத்தகத்தை மூடி வச்சிடறாங்க.

இந்த மாதிரி சொற்களுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒரு சின்னச் சொல். இரண்டும் சேர்ந்தால் புதுசாக ஒரு அர்த்தம் வந்துவிடும். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் கிடைக்காது. (எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, காதில் நிற்கும்.)

இதைப் பார்த்து பயப்படவே வேண்டாம். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். ‘மழை பிடிச்சிக்கிச்சு’ என்கிறோமே, மழை எதைப் பிடித்தது? ‘காரியத்தில் இறங்கு’ என்கிறோம், எந்தத் தண்ணியில் இறங்குவது? சண்டை மூளும், படகு கிளம்பும், மழை பிடிக்கும். ‘படகு மூண்டது’ என்று சொன்னால் கரையில் நிற்கிறவங்க சிரிப்பாங்க. எது தொடங்குகிறது, யாராவது தொடங்கி வைத்தார்களா, தானாகத் தொடங்கியதா என்று பார்த்துத்தான் நாம் வார்த்தையைப் போடுகிறோம். இங்கிலீஷ்காரனும் அதே கணக்கில்தான் போடுகிறான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானே வரும்.

முதலில் ‘செட்’ குடும்பத்தைப் பார்க்கலாம். இதில் அண்ணன் தம்பி நிறைய பேர்.

‘செட் ஆஃப்’ என்றால் கிளம்புவது. ‘தி போட்ஸ் செட் ஆஃப் அட் ஃபோர்’, படகுகள் நாலு மணிக்குக் கிளம்பின. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்ததும் காசிமேட்டிலிருந்து படகுகள் கடலுக்குப் போகுமே, அதைச் சொல்ல இதுதான் சரியான வார்த்தை. இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ‘செட் ஆஃப் கிராக்கர்ஸ்’ என்றால் பட்டாசு வெடிப்பது. ஒன்றைக் கிளப்பி விடுவது என்று வைத்துக்கொள்ளுங்க.

‘செட் அவுட்’ என்பதும் கிளம்புவதுதான். ஆனால் மனசில் ஒரு எண்ணத்தோடு கிளம்புவது. ‘செட் அப்’ என்றால் ஒரு கடையோ, சங்கமோ, தொழிலோ புதுசாக ஏற்படுத்துவது. இரண்டுக்கும் நம்ம ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கு. டச்சுக்காரர்கள் 1610-ல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். இது ‘செட் அப்’. 1612-ல் போர்ச்சுகீசியர்கள் வந்து அதைத் தாக்கினார்கள். 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டை எழும்பியது. அந்தக் காலத்தில் ஏரிக்கு வடக்கே, ஆர்மகான் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன துர்க்கராஜபட்டினத்தில், ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். அந்த இடம் அவர்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை. பிரான்சிஸ் டே என்பவர் வேறு நல்ல இடம் தேடிப் புறப்பட்டார். இது ‘செட் அவுட்’. 1639-ல் மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்தது. அங்கே கோட்டை கட்டி வியாபாரத்தை ஏற்படுத்தினார்கள். மறுபடியும் ‘செட் அப்’. ஒரு ஊரே இந்த இரண்டு வார்த்தையில் அடங்கிப்போச்சு பாருங்க!

‘செட் அபவுட்’ என்றால் ஒரு வேலையைச் செய்ய ஆரம்பிப்பது. ‘ஷி செட் அபவுட் மெண்டிங் த நெட்’, அவள் வலையைப் பின்னிச் சரிபண்ண ஆரம்பித்தாள். பின்னால் வரும் வினைச்சொல்லுக்கு ‘இங்’ சேர்க்கணும். அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்திலேயே நாம் ரொம்ப கவனிக்க வேண்டியது ‘செட் இன்’. இது மனுஷன் தொடங்கி வைப்பது இல்லை. தானாக வந்து, வந்த பிறகு சீக்கிரம் போகாமல் தங்குவது. மழை, குளிர், இருட்டு, பயம், அழுகல் இதற்கெல்லாம் ‘செட் இன்’ வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று அக்டோபரில் செய்தி வருமே, ஜூன் மாதம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது என்று வருமே, அங்கேயும் ‘மான்சூன் செட்ஸ் இன்’ என்றுதான் போடுவார்கள். ஒரு தூறல் போட்டு நின்றுபோனால் அதற்கு இந்த வார்த்தை ஆகாது.

எங்க சித்தப்பாவுக்கு ஒருமுறை கையில் கெளுத்தி முள் குத்திடுச்சு. ரெண்டு நாள் மஞ்சள் வச்சுக் கட்டிக்கிட்டு தொழிலுக்குப் போனார். மூணாம் நாள் கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டில் ‘இன்ஃபெக்‌ஷன் ஹேஸ் செட் இன்’ என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லாரும் ‘இன்ஃபெக்‌ஷன் உள்ளே இருக்காம், வெளியே ஒண்ணும் இல்லையாம்’ என்று அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க! உண்மையில் அது, கிருமி பிடித்துக்கொண்டது, இனி தானாகப் போகாது என்று சொல்கிற வார்த்தை. ‘உள்ளேதானே இருக்கு’ என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதற்கும், முழு நாளும் சாப்பிடுவதற்கும் நடுவில் இந்த ரெண்டு எழுத்து ‘இன்’ நிற்குது. வீட்டில் இங்கிலீஷ் சீட்டைப் படிக்கிறவங்க பெரும்பாலும் நாமதானே? அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்து கடலிலிருந்து வந்த வார்த்தைகள். இங்கிலாந்து ஒரு தீவு. அவங்களும் கப்பல்காரங்கதான். அதனால் தொடங்குவதற்கான பல சொற்கள் படகிலிருந்தே வந்திருக்கு. ‘எம்பார்க் ஆன்’ என்றால் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்குவது. இதில் ‘பார்க்’ என்பது நாம் விளையாடுகிற பூங்கா இல்லை, ஒருவகைக் கப்பல்! ‘எம்பார்க்’ என்றால் முதலில் கப்பலில் ஏறுவது. ஏறிட்டா பாதியில் இறங்க முடியாது இல்லையா? அதான் பெரிய வேலைகளுக்கு அந்த வார்த்தை. நாளைக்கு வீட்டுப்பாடம் எழுதப்போவதற்கு இதைப் போடாதீங்க, ரொம்ப ஓவர். ‘புஷ் ஆஃப்’ என்றால் படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு கிளம்புவது. ஆனால் யாரையாவது பார்த்து ‘புஷ் ஆஃப்’ என்றால் ‘போடா அந்தாண்டே’ என்று அர்த்தம். சார்கிட்டே சொல்லிப் பார்க்க வேண்டாம்! கொடுக்கல் வாங்கலில் நாமும் சும்மா இல்லை. ‘கேட்டமரான்’ என்று இங்கிலீஷில் இருப்பது நம்ம கட்டுமரம்தான்.

இந்த வரிசையில் நமக்கு உயிர் சம்பந்தப்பட்ட வார்த்தை ஒன்று உண்டு: ‘வென்ச்சர் இன்டு’. புயல் சின்னம் உருவானால் வானிலை மையத்தின் இங்கிலீஷ் அறிக்கையில் தவறாமல் ஒரு வரி வரும். ‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு த சீ’. தமிழில் ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று படிப்பார்கள். ‘கோ’ என்று போடாமல் ஏன் ‘வென்ச்சர்’ என்று போடுகிறார்கள்? ஆபத்து இருக்கு என்று தெரிந்தும் துணிஞ்சு இறங்குவதுதான் ‘வென்ச்சர்’. புதுத் தொழிலில் பணம் போட்டு இறங்குவதையும் இதே வார்த்தையால் சொல்வார்கள், நஷ்டம் வரலாம் என்பதால். ‘கரையில் காத்து இல்லையே, போய்ட்டு வந்துடலாம்’ என்று நைனா கிளம்பினால், செல்போனில் வந்த அந்த வரியைக் காட்டி வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க. அதோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கடல் பகுதி என்பதையும் சேர்த்துப் படிச்சுக் காட்டுங்க.

இப்போ ‘பிரேக் அவுட்’. போர், தீ, தொற்றுநோய், சண்டை இந்த நாலுக்கும் இதுதான். நம்ம ‘மூண்டது’ மாதிரி திடீரென்று, கெட்டதாக. முதல் உலகப்போர் 1914-ல் ‘ப்ரோக் அவுட்’. அந்த வருஷமே செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சென்னையில் குண்டு போட்டது. ரொம்ப சாமர்த்தியமான ஆளை ‘எம்டன்’ என்று பெரியவங்க சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். ‘கல்யாணம் ப்ரோக் அவுட்’ என்று மட்டும் எழுதிடாதீங்க.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது ராக்கெட்டை விட்டுவிட முடியுமா? ராக்கெட் எழும்புவது ‘லிஃப்ட் ஆஃப்’. சந்திரயான்-3, 2023 ஜூலை 14-ம் தேதி மத்தியானம் 2.35-க்கு ‘லிஃப்ட் ஆஃப்’ ஆனது. விமானம் எழும்பினால் ‘டேக் ஆஃப்’. ஒரு தொழில் சூடுபிடித்துவிட்டாலும் ‘டேக் ஆஃப்’தான். சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’தான், இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும்.

‘ஸ்டார்ட்’டுக்கும் வால் உண்டு. ‘ஸ்டார்ட் ஓவர்’ என்றால் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பிப்பது. இது அமெரிக்கா வழக்கம், நம்ம பாடப்புத்தகத்தில் ‘ஸ்டார்ட் அகெய்ன்’ என்று இருக்கலாம். 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். மறுபடியும் வேலையில் இறங்கினார்கள். 1980 ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்தது. ‘ஸ்டார்ட் அவுட்’ என்றால் வாழ்க்கையை எங்கே தொடங்கினார் என்பது. ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையனாக ‘ஸ்டார்ட்டட் அவுட்’, ஜனாதிபதி மாளிகையில் போய் உட்கார்ந்தார் என்று கலாமைப் பற்றியே எழுதலாம்.

‘கிக்’ ரெண்டு இருக்கு, குழப்பிக்காதீங்க. ‘கிக் ஆஃப்’ என்றால் விளையாட்டோ விழாவோ தொடங்குவது, ஃபுட்பாலில் முதல் உதை விடுவதிலிருந்து வந்தது. ‘கிக் இன்’ என்றால் சட்டமோ மருந்தோ வேலை செய்ய ஆரம்பிப்பது. தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ‘கிக்ஸ் இன்’. ‘டேக் அப்’ என்றால் ஒரு பழக்கத்தை, படிப்பை, வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்வது. ‘கெட் டவுன் டு’ அப்படியே நம்ம ‘காரியத்தில் இறங்கு’. ‘டவுன்’ கூட பொருந்துது பாருங்க! ஆனால் ‘கெட் டவுன் டு ஸ்டடி’ என்று எழுதினால் மார்க் போயிடும். ‘கெட் டவுன் டு ஸ்டடியிங்’ என்று எழுதணும்.

மார்க் போகும் இன்னொரு இடம். ‘செட் அப் எ ஷாப்’ சரி, ‘செட் எ ஷாப் அப்’ என்றாலும் சரி. ஆனால் கடையை ‘இட்’ என்று சொன்னால், அது நடுவில்தான் வரணும். ‘செட் இட் அப்’ சரி, ‘செட் அப் இட்’ தப்பு. ‘டேக் இட் அப்’ என்பதும் இப்படியே. ‘செட் இன்’, ‘பிரேக் அவுட்’ ரெண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை தானாக நடப்பவை, ‘எதை’ என்ற கேள்விக்கே இடம் இல்லை.

கீழே மூன்று வாக்கியம் தமிழில் தருகிறேன். இங்கிலீஷில் எழுதி, பெயர், வகுப்போடு நூலக மேசையில் இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்க. சரியான விடை அடுத்த இதழில்.

1. வாடைக் குளிர் பிடித்துக்கொண்டது.
2. குப்பத்துப் பெண்கள் சேர்ந்து கருவாட்டுச் சங்கம் ஏற்படுத்தினார்கள்.
3. விடியற்காலையில் கிளம்பினோம், ஆனால் முகத்துவாரத்தைத் தாண்டத் துணியவில்லை.