படை திரட்டும் தூதர்கள்

காலில் முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதையும், பின்னர் அதில் சீழ் கட்டுவதையும் காணாதவர் இல்லை. நாம் அருவருப்புடன் துடைத்தெறியும் அச்சீழில் பெரும் பகுதி, கிருமிகளுடன் போராடி மாண்ட வெள்ளணுக்களே. மாண்டவற்றுக்கு ஈடாகப் புதியவை வரவேண்டுமல்லவா? அச்செய்தியைக் கொண்டு செல்பவர் யார்?

வெள்ளணுக்கள் பிறக்குமிடம் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை. அவற்றுள் மிகுதியானவை நியூட்ரோபில் என்ற வகையின. ஆரோக்கியமான சரீரத்தில் நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்கள் உற்பத்தியாகின்றன. அவற்றின் ஆயுளோ மிகவும் சொற்பம்.

1965-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரே பிராட்லி, டொனால்டு மெட்காஃப் என்னும் விஞ்ஞானிகள், கடற்பாசியினின்றும் எடுக்கும் அகர் என்ற பசையில் சுண்டெலியின் மஜ்ஜை அணுக்களை வளர்த்துப் பார்த்தார்கள். தனியே விட்டால் அவை வளரவில்லை. வேறு திசுக்களின் அணுக்களை உடன் வைத்தபோதோ, பல்கிப் பெருகிச் சிறு சிறு கூட்டங்களாயின. அதே காலத்தில் இஸ்ரேல் தேசத்தில் லியோ சாக்ஸ், டோவ் ப்ளூஸ்னிக் இருவரும் தனியாக இவ்வுண்மையைக் கண்டார்கள். அத்திசுக்களிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருளே மஜ்ஜை அணுக்களைத் தூண்டுகிறது என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் அப்பொருள் கிடைத்த அளவு மிக அற்பம். அவ்வகைப் பொருள்களுள் முக்கியமான ஜி.ஸி.எஸ்.எப். என்ற புரதத்தை மெல்போர்னில் சுத்தமாகப் பிரித்தெடுத்தபோது 1983 ஆகிவிட்டது.

இத்தூதரின் வேலைமுறை நேர்த்தியானது. கிருமி புகுந்த இடத்திலுள்ள அணுக்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. அது இரத்தத்தோடு மஜ்ஜையை அடைந்து, இளம் அணுக்களின் மேற்புறத்திலுள்ள ஏற்பிகளில், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்துகிறது. உடனே அவ்வணுக்கள் விரைந்து பிரிந்து, முதிர்ந்து, இரத்தத்தில் இறங்குகின்றன. நியூட்ரோபில்கள் பெருகியதும், அவையே இப்புரதத்தை உட்கொண்டு குறைத்துவிடுகின்றன. ஆகவே உற்பத்தி எல்லை மீறுவதில்லை.

இந்த ஞானம் வைத்தியத்துக்கும் பயன்பட்டது. மனித ஜி.ஸி.எஸ்.எப். புரதத்தின் மரபணு 1986-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவினுள் புகுத்தி, அப்புரதத்தை ஏராளமாக உற்பத்தி செய்தார்கள். வெள்ளணுக்களால் அழிக்கப்படும் இனமே அவற்றைப் பெருக்கும் மருந்தைச் செய்து தருகிறதென்பது விந்தையே! 1991-இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

புற்றுநோயை அழிக்கும் மருந்துகளுட் பல, மஜ்ஜையின் இளம் அணுக்களையும் அழிப்பதால் நியூட்ரோபில்கள் வெகுவாகக் குறைந்துவிடும். இந்த ஊசியால் அவை விரைவில் மீளும். சிலருக்கு எலும்புகளில் வலி காணும். எனினும் இது யாவரும் பலத்துக்காகப் போட்டுக்கொள்ளும் டானிக் அன்று. வைத்தியர் கணக்கிட்டுத் தரவேண்டிய மருந்து.

இல்லத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. வெள்ளணுக்கள் குறைந்த நோயாளியின் உடலில் கிருமி புகுந்தால், வீக்கமோ சீழோ தோன்றாமல் போகலாம். ஜுரம் ஒன்றே அறிகுறியாக இருக்கும். ஆதலால் அம்மருந்துகளைப் பெற்று வருபவருக்கு 100.4 டிகிரி ஜுரம் கண்டால், கஷாயம் கொடுத்து விடியட்டுமென்று காத்திராமல், நடு இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். படை வந்து சேரும் வரையில் கோட்டையைக் காப்பது வீட்டாரின் விழிப்பே.