விலை பேசும் முன் வீட்டின் பின்பக்கம் போங்கள்

தோட்டத்தை விட்டு வெளியே, சொந்தப் பெயரில் ஒரு வீடு. தெஹியோவிட்ட, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலருக்கு இன்று இதுதான் பெரிய ஆசை. கொழும்பில் கடையில் நின்ற பிள்ளையின் சேமிப்பு, மத்திய கிழக்கில் அம்மா உழைத்து அனுப்பிய காசு, அப்பாவின் ஊழியர் சேமலாப நிதி, அடகு வைத்த நகை எல்லாம் சேர்ந்து ஒரு தொகையாகிறது. பத்துப் பேர்ச் காணியோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, கையோடு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். குடிபோன பிறகு வரும் முதல் பெருமழையில் கூரை ஒழுகுகிறது, பின்சுவர் வெடிக்கிறது. திருத்துவதற்கு மறுபடியும் கடன்.

இந்த இரண்டாவது கடனைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாய் திறந்து பேசியிருந்தால் போதும். ஏன் பேசுவதில்லை?

லயன் வாழ்க்கை நமக்குப் பழக்கியது அப்படி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. கூரைத் தகரமும் சுவரும் தோட்டத்துக்குச் சொந்தம். தகரம் ஒழுகினால் தொரையிடம் போய்ச் சொல்ல வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். ஐந்தாறு தலைமுறையாக, திருத்த வேலை என்பது நாம் கேட்டு அவர்கள் மனமிரங்கித் தரும் ஒன்றாகவே இருந்துவிட்டது. வீடு வாங்கப் போகிற இடத்திலும் அந்தத் தயக்கம் கூடவே வருகிறது. ‘குறை சொன்னால் கோபித்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்’ என்ற பயம் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை. காசு உங்கள் கையில் இருக்கும் வரை நீங்கள் பேசுவது கணக்கு. அது மனு அல்ல.

கணக்கை வீட்டின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். புதுப் பெயின்டும் தரையில் பதித்த டைல்ஸும் முன் விறாந்தையில் இருக்கும். பெரிய செலவு பின்னால் இருக்கும். இந்தத் தோட்டங்கள் உள்ள கேகாலை மாவட்டத்தில் சமநிலம் குறைவு. மேட்டை வெட்டித்தான் பெரும்பாலான வீடுகளுக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். குசினிச் சுவருக்கும் வெட்டிய மண்சுவருக்கும் நடுவே சில இடங்களில் ஓராள் நடக்கத்தான் இடமிருக்கும். வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஈரவலயம் இது.

அந்த இடுக்கில் நின்று மேலே பாருங்கள். தடுப்புச் சுவர் கட்டியிருந்தால் நீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா, மழைக்கு அடுத்த நாள் அதில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். துளையே இல்லாத சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மண் கனத்து, சுவரின் வயிறு முன்னுக்குத் தள்ளும். ஒரு நூலை மேலிருந்து கீழாகப் பிடித்தால் அந்த வீக்கம் தெரிந்துவிடும். மேட்டுத் தண்ணீரை ஒதுக்கிக் கொண்டுபோகும் கான் இருக்கிறதா, அது எங்கே போய் விழுகிறது என்பதும் முக்கியம். வீட்டுச் சுவரின் அடியில் மட்டும் ஒன்றரை அடி உயரத்துக்குப் புதுப் பூச்சு இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பூச்சு காய்ந்ததால் வரும் மயிரிழை வெடிப்புக்கு அஞ்ச வேண்டாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, சுவரின் மறுபக்கத்திலும் தெரியும் வெடிப்பு வேறு. பெரும்பாலும் அத்திவாரம் இறங்குகிறது என்று பொருள். அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, திகதியையும் எழுதிவிட்டு வாருங்கள். சில கிழமை கழித்துப் போகும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், அது இன்னும் நகர்கிறது.

விலை பேசக்கூடாத வீடுகளும் உண்டு. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்டத்து லயன் ஒன்றின் மேல் மண் சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலிலும் கேகாலை மாவட்டம் தப்பவில்லை. நிலத்தில் நீண்ட வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், இல்லாத இடத்தில் திடீரென்று வரும் ஊற்று, ஊற்றுத் தண்ணீர் கலங்கிச் சேறாக வருவது எல்லாம் மண்சரிவுக்கு முந்திய அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், விற்பவர் விலையைப் பாதியாக்கினாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கைக்கு வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கூரை. இறப்பர் நாட்டில் இறப்பர் மரம் மலிவு. மருந்தேற்றாத இறப்பர் பலகையை உளுவும் பூஞ்சணமும் சீக்கிரம் தின்னும். சீலிங் அடித்து மறைத்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கைமரத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது நுனி மெத்தென்று உள்ளே போனால், சீட் மாற்றுவதோடு வேலை முடியாது; மரத்தையும் மாற்ற வேண்டும். மின்சார வயரையும் மலசலகூடக் குழியையும் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள்.

இவ்வளவையும் பார்த்தபின், இரண்டு மேசன் பாஸ்மாரைத் தனித்தனியாகக் கூட்டிப்போய்க் கணக்கு எழுதி வாங்குங்கள். கல், சீமெந்து, மணல், கூலி, மேட்டுக்குச் சாமான் ஏற்றும் செலவு எல்லாம் தாளில் வரவேண்டும். ‘வீடு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் எதிராளிக்குக் கோபம்தான் வரும். தாளை முன்னால் வைத்துப் பேசினால் தொனியே வேறு.

“ஐயா, வீடு எங்களுக்குப் புடிச்சிருக்கு. பின்னுக்கு இருக்கிற கட்டுக்கு ரெண்டு பாஸும் எழுதின கணக்கு இது. நீங்களும் பாருங்க.”

“அது ஒண்ணும் பெரிய வேல இல்ல தம்பி, நானே செஞ்சு தாரேன்.”

இந்த இடத்தில்தான் பலர் மகிழ்ந்துபோய்த் தலையாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இதை ஒப்புக்கொள்ளக்கூடாது. விற்றுவிட்டுப் போகிறவர் மலிவாகத்தான் செய்வார். துளையில்லாத சுவருக்கு மேல் இன்னொரு பூச்சு விழும், வெடிப்பு கண்ணுக்கு மறையும். வேலையை உங்கள் பாஸைக் கொண்டு நீங்களே செய்வதும், அந்தச் செலவை விலையில் கழிப்பதும்தான் நல்லது. முழுவதையும் அவர் கழிக்க மாட்டார். பாதியில் வந்து நின்றாலும் உங்களுக்கு அது பெரிய காசு. விலையில் இறங்க முடியாது என்று பிடிவாதமாக நின்றால், வேலையை அவர் முடித்து, ஒரு மழைக்காலம் பார்த்து, பிறகு உறுதி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

என்ன பேசினாலும் அது எழுத்தில் வரவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பனையும், விற்பேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிட்டால்தான் செல்லும். கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி ‘அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்’ என்று வாங்கும் துண்டை வைத்து யாரையும் விற்கும்படி வற்புறுத்த முடியாது. ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் நொத்தாரிசு விற்பனை உடன்படிக்கை எழுதட்டும். எந்தச் சுவர், எந்தக் கூரை, யார் செய்வது, எந்தத் திகதிக்குள், செய்யாவிட்டால் எவ்வளவு கழிப்பது எல்லாம் அதில் இருக்கட்டும்.

நம் நாட்டில் காணி, வீட்டு விற்பனைக்கு உரோம-டச்சுச் சட்டம் பொருந்தும். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்த குறைக்கு, பிறகு விலையைக் குறைக்கக் கோரி வழக்குப் போட அதில் வழியுண்டு. பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அந்த வழி கிடையாது. ‘இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன்’ என்று ஒரு வரி உறுதியில் இருந்தால் உங்கள் கை இன்னும் கட்டப்படும். வழக்கு என்றால் வருடக்கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

முத்திரை வரியையும் மொத்தக் கணக்கில் சேருங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 50 இலட்சத்து வீட்டுக்கு 1,99,000 ரூபாய்; வழக்கத்தில் வாங்குபவர்தான் கட்டுகிறார். இதைக் குறைக்க உறுதியில் சிறிய விலை போடலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். நாளை குறைக்காக வழக்கு என்று வந்தால், நீங்கள் கொடுத்த விலைக்கு அத்தாட்சி அந்த உறுதிதான். காணி எப்படிப்பட்டது என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். முழு உரிமை தரும் சின்னக்கரை உறுதி ஒன்று. அரசு அளித்த காணி வேறொன்று. அதைக் கைமாற்ற பிரதேச செயலாளரின் சம்மதம் தேவை.

இன்னொன்றும் உண்டு, இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படாதது. உடன்படிக்கையும் உறுதியும் இங்கு பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படுகின்றன. பேசச் சிங்களம் சரளமாக வரும் நம்மில் பலருக்கு அதை வாசிக்க வராது. ‘சரி மாத்தயா’ என்று காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். கையொப்பமிடுபவருக்கு விளங்கும் மொழியில் பத்திரத்தை விளக்குவது நொத்தாரிசின் கடமை. வரிவரியாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்; அவருக்குத் தமிழ் வராவிட்டால் இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பின்சுவரைப் பற்றிப் பேசிய வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்பதைக் கையொப்பத்துக்கு முன்னால் விரல் வைத்துக் காட்டும்படி கேளுங்கள்.